குண்டு எங்கே போய் நிற்கும்?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம், பசுமலைப்பட்டி மலையடிவாரத்துச் சுடுதளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையில் முதல் சிகிச்சை கொடுத்துத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். மாவட்ட நிர்வாகம் சுடுதளத்தை மூட உத்தரவிட்டது. அரசு நிவாரணம் அறிவித்தது.

சுட்டவர்கள் யாரும் அந்தப் பிள்ளையைக் குறிவைக்கவில்லை. அப்படி ஒரு பிள்ளை அந்தத் திசையில் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அங்கே துப்பாக்கி கைதவறி வெடிக்கவில்லை. குண்டு போட்டிருப்பதை மறந்து யாரும் டிரிக்கரை அழுத்தவுமில்லை. சுட வேண்டிய இடத்தில், சுட வேண்டிய நேரத்தில் சுட்டார்கள். அப்படியும் ஓர் உயிர் போயிற்று.

துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வது என்றதும் சேஃப்டி கேட்ச், பூட்டு, பயிற்சி, உரிமம் என்றுதான் மனம் போகும். அவையெல்லாம் வேண்டியவைதான், அவற்றுக்கும் வருவோம். ஆனால் துப்பாக்கியை எடுப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குண்டு எங்கே போய் நிற்கும்? இதற்குத் துப்பாக்கியைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. எதிரே கிடக்கும் நிலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தஞ்சாவூரிலிருந்து கடல்வரை விரிந்து கிடக்கும் காவிரிப் படுகையைப் போல இந்தக் கேள்வியைக் கடினமாக்கும் நிலம் தமிழ்நாட்டில் வேறில்லை என்று நினைக்கிறேன்.

டெல்டாவின் தலைமாட்டில், திருச்சியில், 1966-இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. நம் படைகள் பல்லாண்டுகள் தூக்கி நடந்த 5.56 மி.மீ. இன்சாஸ் ரைஃபிள்கள் அங்கேயும் தயாரானவை. அந்த வகைத் துப்பாக்கியின் குண்டு 4 கிராம் எடையுள்ளது; குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் போகும். காற்றே இல்லாத உலகத்தில், தஞ்சாவூரில் நின்று இதைக் கிழக்கே பார்த்து 45 டிகிரி சாய்வில் சுட்டால் என்ன ஆகும்? வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் 82 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் 77 கிலோமீட்டர்தான். பாபநாசமோ திருவாரூரோ குறுக்கே நிற்காது. குண்டு அத்தனை ஊர்களுக்கும் மேலே பறந்து, நாகப்பட்டினத்தையும் தாண்டிக் கடலில் விழும்.

உண்மையில் அது மூன்றரை கிலோமீட்டர் வாக்கில் விழுந்துவிடுகிறது. மீதித் தூரத்தையெல்லாம் விழுங்குவது காற்று. கையை வீசினால் இருப்பதே தெரியாத இந்தக் காற்று, நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வரும் குண்டை அதன் எடையைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது.

இதை முதன்முதலில் அளந்து காட்டியவர் நம் கரையில்தான் கண்ணை மூடினார். பெஞ்சமின் ராபின்ஸ் இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-இல் பிறந்த கணிதவியலாளர். கனமான மரக்கட்டை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று அளந்தார்; அந்த ஆட்டத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். துப்பாக்கிக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றி மாற்றிச் சுட்டபோது, குண்டு வழியிலேயே எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதும் தெரிந்தது. காற்றின் தடை பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. 1742-இல் அவர் எழுதிய நூலை மாமேதை ஆய்லர் ஜெர்மனில் மொழிபெயர்த்து, தம் விளக்கங்களையும் சேர்த்து 1745-இல் வெளியிட்டார். குழலின் உட்புறத்தில் திருகுசுழியாக வரிப்பள்ளம் வெட்டிக் குண்டைச் சுழலவிட்டால் அது நேராகப் போகும் என்பதை 1747-இல் ராயல் சொசைட்டியில் விளக்கியவரும் இவரே. ரைஃபிள் என்ற கருவியின் அறிவியலே அந்தச் சுழற்சிதான். குழலுக்குள் 20 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வரி வெட்டியிருந்தால், 900 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு நொடிக்கு 4,500 முறை சுழலும்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-இல் வந்தார். மறு ஆண்டு ஜூலையில், கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். வயது 44. இன்று அந்தக் கோட்டையில் மிஞ்சியிருப்பது கெடில ஆற்றங்கரையில் சில இடிபாடுகள். உலகத்தின் சுடுகலை அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர் நம்மிடையே கிடக்கிறார் என்பதைக் கடலூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

காற்று இவ்வளவு தடுத்தும் மிஞ்சுவது மூன்றரை கிலோமீட்டர். டெல்டாவில் அந்தத் தூரத்துக்குள் இரண்டு மூன்று ஊர்களாவது இருக்கும். அந்தத் தூரம் போகக் குழலை அண்ணாந்து தூக்க வேண்டும் என்பதும் இல்லை. தோளிலிருந்து குழல் முனைவரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முனை ஒரு விரற்கடை உயர்ந்தாலே ஒரு டிகிரி ஏறிவிடுகிறது. அப்படிச் சில டிகிரி ஏறினால் குண்டு இரண்டு கிலோமீட்டரை எட்டிவிடும். மூச்சு வாங்கும்போதும், தோட்டா வெடித்துப் பின்னுக்கு உதைக்கும்போதும் முனை அந்த அளவுக்குத் தன்னால் எழும்பக்கூடியது. வேகத்தில் பெரும்பகுதியை இழந்து போகும் கடைசி நேரத்திலும் குண்டு வெறும் உலோகத் துண்டாகிவிடுவதில்லை. தோலைத் துளைக்க நொடிக்குச் சுமார் 70 மீட்டர் வேகமே போதும்.

இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். பறவைக்கு என்று போடும் சின்ன ஈய ரவைகள் இருநூறு சொச்சம் மீட்டரில் விழுந்துவிடும். சின்னப் பொருளைக் காற்று சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடுகிறது. பன்றிக்கென்று போடும் பெரிய ரவைகள் அறுநூறு மீட்டரையும் தாண்டும். என்.சி.சி. மாணவர்கள் சுடும் சின்ன .22 ரைஃபிளின் குண்டோ ஒன்றரை கிலோமீட்டர் போகும். அதைப் பொம்மைத் துப்பாக்கி போல நினைப்பவர்களுக்கு இந்த ஒரு எண்ணைச் சொல்லிவைக்க வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரம். அங்கிருந்து கடற்கரை 77 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கமில்லை. ஆறுகளின் கரைகளையும் தோப்புகளையும் விட்டால், குண்டைத் தாங்கி நிறுத்த ஒரு மேடு கிடையாது. தென்னந்தோப்பு குண்டைத் தடுக்கும் என்று நம்புவதற்கில்லை. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் இடம்தான் அதிகம். சம்பாப் பயிர் இடுப்பளவு நிற்கும் காலத்தில், குனிந்து களையெடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் இருபது பேர் வயலில் இருந்தாலும் வரப்பில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். சேலைத் தலைப்பு தெரிந்தால் அதிர்ஷ்டம்.

இதோடு தண்ணீரும் சேர்கிறது. குளத்துத் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசினால் அது தத்தித் தத்திப் போவதைப் பார்த்திருப்போம். துப்பாக்கிக் குண்டும் அப்படித்தான் போகும். தாழ்ந்த கோணத்தில் வேகமாக வந்து மோதும் பொருளுக்கு வழிவிட்டு விலகத் தண்ணீருக்கு நேரம் போதாது. அடியில் அழுத்தம் எகிறி, பொருளை மேலே தூக்கி எறிந்துவிடுகிறது. நாகப்பட்டினக் கடலில் 1746, 1758, 1782 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் மோதிக்கொண்டன. அந்தக் காலத்துக் கப்பல் பீரங்கிக்காரர்களுக்கு இது கைவந்த வித்தை. இரும்புருண்டையைத் தண்ணீர் மட்டத்தில் தத்தவிட்டு எதிரிக் கப்பலின் விலாவில் அடிப்பார்கள். இரண்டாம் உலகப் போரில், 1943 மே மாதம், பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த குதிக்கும் குண்டுகளால் ஜெர்மனியின் அணைகளை பிரிட்டன் உடைத்தது. மறு ஆண்டு அமெரிக்கக் கணிதவியலாளர் காரெட் பர்க்காஃபும் அவரோடு இருந்தவர்களும் இதற்கு ஒரு கணக்கைத் தந்தார்கள். உருண்டையான குண்டு எந்தக் கோணத்துக்குக் கீழே வந்தால் தண்ணீரில் தத்தும் என்பதைக் கண்டுபிடிக்க, 18 டிகிரியை அந்த உலோகத்தின் ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். ஈயத்துக்கு ஒப்படர்த்தி 11.3, விடை 5.4 டிகிரி. நாட்டுத் துப்பாக்கியில் போடும் பால்ரஸ் குண்டு எஃகு, அதற்கு 6.4 டிகிரி.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலுக்குப் போய்ப் பார்ப்போம். வரப்பில் ஒருவர் நின்று தோளில் துப்பாக்கியை வைத்திருக்கிறார். குழலின் உயரம் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளித் தண்ணீரில் நிற்கும் எதையோ குறிபார்க்கிறார். குண்டு தண்ணீரைத் தொடும் கோணம் 1.7 டிகிரி. முப்பது மீட்டரில் சுட்டால் 2.9. ஈயக் குண்டு தத்தாமல் தண்ணீருக்குள் இறங்க வேண்டுமானால் அவர் பதினாறு மீட்டருக்குள் நெருங்க வேண்டும். அந்தத் தூரத்தில் எந்த விலங்கும் பறவையும் நின்றுகொண்டிருக்காது. ஆக, தண்ணீர் கட்டிய வயலில் நின்று சுடும் எந்தக் குண்டும் குறி தவறினால் வயலிலேயே நிற்காது. தத்தி எழும்பி, நிலைகுலைந்து புரண்டுகொண்டே, சுட்டவர் எதிர்பாராத திசையில் போகும். கூர்முனையுள்ள ரைஃபிள் குண்டு இந்தக் கணக்குக்குக்கூட அடங்குவதில்லை. அது இன்னும் தாறுமாறாகத் திரும்பும். கோடையில் தண்ணீர் வற்றி வெடித்து இறுகிக் கிடக்கும் களிமண்ணும் இதே வேலையைச் செய்யும்.

அதே தண்ணீர், செங்குத்தாக வரும் குண்டை ஓரிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் நிறுத்திவிடும் என்பதுதான் இதில் வியப்பு. எல்லாம் கோணத்தில் இருக்கிறது. பரண் கட்டிச் சுடுவதன் பலன் இதுவே. துப்பாக்கி ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்து, இலக்கு இருபது மீட்டரில் இருந்தால் கோணம் 14 டிகிரி. குறி தப்பினாலும் குண்டு சேற்றுக்குள் போகும். ஆனால் அதே பரணிலிருந்து ஐம்பது மீட்டருக்கு ஆசைப்பட்டால் கோணம் ஆறு டிகிரிக்கும் கீழே, தத்தும் எல்லைக்கே இறங்கிவிடும். பரண் ஏறியது வீண்.

இதையெல்லாம் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைப் பற்றித் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால், பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். டெல்டாவில் காப்புக்காடு என்பது பெரும்பாலும் கோடியக்கரை, முத்துப்பேட்டை போன்ற கடலோரத்துச் சங்கதி. அப்படியானால் உள்பகுதி வயல்வெளி முழுக்க அந்த மூன்றாவது வகைக்குள் வந்துவிடுகிறது. கொள்ளிடக்கரை நாணலிலிருந்து இறங்கி வரும் பன்றிகளால் கரும்பும் வாழையும் பாழாகி நிற்கும் விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் சுட வருகிறவருக்குப் பன்றியைவிட, பன்றிக்குப் பின்னால் மூன்று கிலோமீட்டருக்கு என்ன இருக்கிறது என்பது முக்கியம். பன்றி வருவது இரவில். டார்ச் ஒளியில் கண்கள் இரண்டும் மின்னும். பின்னால் உள்ளது இருட்டு. பகலிலேயே வந்து நிலத்தை நடந்து பார்த்து, எந்தத் திசையில் ஆற்றங்கரை உயரமாக எழுந்து நிற்கிறதோ அந்தத் திசையில் மட்டும் சுடுவது, உயரத்திலிருந்து சுடுவது, மற்றத் திசைகளில் பன்றி எவ்வளவு வசதியாக நின்றாலும் விட்டுவிடுவது என்று முன்பே எழுதிவைக்காமல் இங்கே டிரிக்கரில் விரல் வைக்கக் கூடாது. ஆற்றங்கரையின் மறுபக்கத்தில் யாராவது நடந்து வருகிறார்களா என்று பார்க்க ஓர் ஆளையும் நிறுத்த வேண்டும்.

மேல்நோக்கிச் சுட்டால் ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. வட இந்தியக் கல்யாணங்களில் வானத்தைப் பார்த்துச் சுடும் வழக்கத்தால் உயிர்கள் போனதால்தான், 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டம் கொண்டாட்டச் சுடுதலைத் தனிக் குற்றமாக்கி இரண்டாண்டுவரை சிறை வைத்தது. அமெரிக்கப் படையின் ஜூலியன் ஹேட்சர் முதல் உலகப் போர் முடிந்தபின் புளோரிடாவில் இதைச் சோதித்தார். தண்ணீருக்கு நடுவே பத்தடிச் சதுரத்தில் ஒரு மேடை அமைத்து, அங்கிருந்து நேர் மேலாக ஐந்நூறு முறைக்கு மேல் சுட்டுப் பார்த்தார்கள். மேடைமேல் திரும்பி வந்து விழுந்தவை நான்கே நான்கு. மற்றவை காற்று இழுத்த இடத்துக்குப் போயின. மேலே போன குண்டு கீழே வர முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆனது. விழும்போது வேகம் நொடிக்கு 90 மீட்டர். தோலைத் துளைக்க என்ன வேண்டும் என்று மேலே சொன்னேனோ, அதைவிட இது அதிகம். நேர் மேலாகச் சுட்டபோதே இப்படி. கொண்டாட்டத்தில் யாரும் தூக்குநூல் பிடித்துச் சுடுவதில்லை. சாய்வாகப் போன குண்டு சுழற்சி குலையாமல் முனை முன்னோக்கியே பறந்து, இன்னும் அதிக வேகத்தோடு வந்து இறங்கும்.

சுடுதளம் என்பதைக் கட்டுகிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுத்தே கட்டுகிறார்கள். இலக்குக்குப் பின்னால் மண்மேடு. கல்லும் பாறையும் கலக்காத மண்ணாக இருப்பது நல்லது, கல்லில் பட்டது திரும்பும். மேட்டுக்கும் பின்னால், தவறிப் போகும் குண்டுகளுக்கென்று கிலோமீட்டர் கணக்கில் ஆளில்லா அபாயப் பகுதி. சுடும் நாளில் செங்கொடி, நாற்புறமும் காவல். இந்தப் பட்டியலில் ஊர் வளர்ந்து அபாயப் பகுதிக்குள் வந்துவிட்டதா என்று ஆண்டுதோறும் பார்ப்பதையும் சேர்க்க வேண்டும். மலைக்கு எதிரே அமைந்த சுடுதளம் பத்திரமானது என்ற எண்ணம் எளிதாக வந்துவிடும். மலைமுகட்டுக்குச் சற்று மேலே போன குண்டுக்கு மலை இல்லை. பாறையில் பட்டுத் தெறித்த குண்டுக்கும் மலை உதவுவதில்லை. விளையாட்டுச் சுடுதல் வேறு உலகம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் புகழ் பெற்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், குண்டு அரை கிராம். அதன் ஆற்றல் எட்டு ஜூல் அளவில்தான். இலக்குக்குப் பின்னாலேயே ஓர் இரும்புப் பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். போர்த் துப்பாக்கியின் குண்டு சுமந்து வருவது 1,600 ஜூல்.

நிலத்தைப் பற்றிச் சொன்னதற்கு அடுத்தது கையைப் பற்றி. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் இருந்த ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை உலகெங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்தத் துப்பாக்கியும் நிரப்பியதே என்று எண்ணு. அழிக்க விரும்பாத எதன்மேலும் குழல் முனையைத் திருப்பாதே. குறி அமையும்வரை டிரிக்கரில் விரலை வைக்காதே. இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்துகொள். நான்காவது விதியைத்தான் இதுவரை பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் விதி அவசியமாவது துப்பாக்கியின் உள்ளமைப்பால். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பதில்தான் பெரும்பாலான விபத்துகள் தொடங்குகின்றன. மேகசினிலிருந்து ஒரு தோட்டா ஏற்கெனவே மேலேறி, குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறையான சேம்பருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இன்சாஸின் மேகசின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். உள்ளே எத்தனை தோட்டா மீதி என்று வெளியிலிருந்தே எண்ணலாம். சேம்பர் எஃகு. அதற்குள் இருக்கும் ஒன்றை எண்ண முடியாது. ஆகவே முறை இதுதான்: முதலில் மேகசினைக் கழற்று, பிறகு போல்ட்டை இழுத்துத் திற, பிறகு கண்ணால் பார், விரலை விட்டுத் தடவியும் பார். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் இருக்கும்போதே போல்ட்டை இழுத்து விட்டால், பழைய தோட்டா வெளியே விழுந்து புதியது ஒன்று உள்ளே ஏறிவிடும். சுட்டவர் காலியாக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

டெல்டாவின் கல்லூரிகளில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஒரு கட்டளை மறந்திருக்காது: நிரீக்ஷண் கே லியே ஜாஞ்ச் சஸ்த்ர. அந்த இந்திச் சொற்களுக்குப் பொருள் தெரியாமலேயே எத்தனையோ பிள்ளைகள் அதைச் செய்திருக்கிறார்கள். வலக்கை போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும். குழல் முனை சாய்வாக மேலே நோக்கும். ஹவில்தார் வரிசையாக வந்து, ஒவ்வொரு ரைஃபிளின் திறந்த சேம்பருக்குள்ளும் குனிந்து பார்த்துவிட்டு நகர்வார். ஒரு பையனின் துப்பாக்கியில் இரண்டு நிமிடத்துக்கு முன்தான் பார்த்திருந்தாலும் மறுபடி பார்ப்பார். எடுக்கும்போது ஒரு முறை, வைக்கும்போது ஒரு முறை, கைமாறும்போது ஒரு முறை. தன் கண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாத இந்தப் பிடிவாதம்தான் அவர் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் பெரியது.

முன்வாய் வழியே கரிமருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் இந்த வழி இல்லை. திறந்து பார்க்கச் சேம்பரே கிடையாது. கெட்டித்ததா காலியா என்பது வெளியே தெரியாது. மூலையில் ஆண்டுக்கணக்கில் சாத்திவைத்த பழந்துப்பாக்கி கெட்டித்த நிலையிலேயே இருக்கலாம். இடிக்கும் கோலைக் குழலுக்குள் மெல்ல விட்டு, அது எதுவரை இறங்குகிறது என்று குறிவைத்துக்கொண்டு, பிறகு அதே கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து அளந்து பார்ப்பதே ஒரே வழி. அடிவரை எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. இதைச் செய்யும்போதும் முகத்தைக் குழலுக்கு நேரே கொண்டுபோகக் கூடாது.

சேஃப்டி கேட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பல துப்பாக்கிகளில் அது டிரிக்கரை மட்டுமே தடுக்கிறது. உள்ளே சுருள்வில் இழுபட்டுக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. தேய்ந்துபோன ஒரு கொக்கி, கீழே விழுந்த அதிர்ச்சி, இவை போதும். விரல் வெளியே இருப்பதும் முனை ஆபத்தில்லாத திசையில் இருப்பதும் சேர்ந்தால்தான் காப்பு.

விரலைப் பற்றி உடலியங்கியல் சொல்வது டெல்டாக்காரர்களுக்கு நேராகப் பொருந்தும். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் எனோகா, மனிதர் நினையாமலே டிரிக்கரை அழுத்திவிடுவதற்கு மூன்று சூழல்களைக் காட்டினார்: ஒரு கை எதையாவது இறுகப் பிடிக்கும்போது மறு கையும் இறுகுவது, நிலைதடுமாறுவது, திடுக்கிடுவது. மழைக்காலத்தில் ஈரக் களிமண் வரப்பில் நடப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே நொடியில் நேரும். கால் வழுக்குகிறது, இடக்கை எட்டி எதையோ பிடிக்கிறது, காலடியில் ஒரு நீர்க்கோழி படபடத்து எழுகிறது. விரல் டிரிக்கர் வளையத்துக்குள் இருந்தால், அது அழுந்துவதை அவரால் நிறுத்த முடியாது. மூளை தீர்மானிப்பதற்கு முன்பே தசை வேலையை முடித்துவிடும். வரப்பேறும்போதும், வாய்க்கால் தாண்டும்போதும், முள்வேலி கடக்கும்போதும் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

வழுக்கி விழுந்தவர் செய்யும் அடுத்த தவறு, எழுந்ததும் துப்பாக்கியின் மேலே ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு நடப்பது. சேறு குழலுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சுடும் கணத்தில் 5.56 மி.மீ. ரைஃபிளின் சேம்பருக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் மூவாயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேலே போகிறது. குண்டு தடையின்றி முன்னேறி இடம் கொடுத்துக்கொண்டே போவதால்தான் குழல் அதைத் தாங்குகிறது. வழியில் இரண்டு விரற்கடை அளவு களிமண் அடைத்துக்கொண்டிருந்தாலும் குண்டு அங்கே திடீரென்று தடைப்படும். பின்னால் வரும் வாயு அதே இடத்தில் குவியும். குழல் அங்கே புடைக்கும் அல்லது வெடிக்கும். குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடக்கை அந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. தோட்டாவை எடுத்து, போல்ட்டைத் திறந்து, பின்பக்கமிருந்து வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே குழலைப் பார்க்க வேண்டும். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்குச் சுடுதல் முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய தோட்டா வேறு விதமாக ஏமாற்றும். டிரிக்கரை அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே போல்ட்டைத் திறந்து பார்க்கக் கை துடிக்கும். திறக்கக் கூடாது. மருந்து உள்ளே கனன்றுகொண்டிருந்து, தாமதமாகப் பற்றலாம். குழல் முனையை அதே ஆபத்தில்லாத திசையில் வைத்தபடி குறைந்தது முப்பது நொடி காத்திருக்க வேண்டும். கரிமருந்துத் துப்பாக்கியானால் அதைவிட நெடுநேரம். வழக்கத்தைவிடச் சன்னமாக வெடித்து, உதையும் குறைவாக இருந்தால் அது இன்னும் மோசம்: குண்டு குழலின் பாதியிலேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் மோதும்.

வீட்டுக்கு வந்தபிறகு செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் தவறக் கூடாதவை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பவரிடம் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றைக் கேட்கின்றன. அந்தப் பயிற்சியை ஒரு கையெழுத்துக்காக முடித்தவர்களும் இருப்பார்கள், அவர்கள் மறுபடி ஒரு நாள் போய்க் கற்றுக்கொள்வது நல்லது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாமல். துடைத்து எண்ணெய் போடும் இடத்தில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. தேர்தல் அறிவித்ததும் உரிமக்காரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது தமிழ்நாட்டில் வழக்கம். மாதக்கணக்கில் தொடாத துப்பாக்கியை அவசரமாக எடுத்து உறையில் போட்டு வண்டியில் வைக்கும் அந்தக் காலையில்தான் சேம்பரைத் திறந்து பார்க்க மறந்துபோகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஆளில்லாத திசையில் முனையைத் திருப்பித் திறந்து பார்த்துவிட்டு, நிலையத்தில் எழுத்தரின் மேசைமேல் வைக்கும்போது போல்ட்டைத் திறந்தபடியே வைக்க வேண்டும். வாங்குபவரும் பார்க்க வேண்டும். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்போது இன்னொரு முறை.